மொய் நோட்டும் கப்பல் பதிவேடும்

மதுரைக்கு மேற்கே செக்கானூரணியைத் தாண்டி உசிலம்பட்டி வரைக்கும் உள்ள ஊர்களில் வளர்ந்த எவருக்கும் மொய் எழுதும் இடம் நினைவில் நிற்கும். பந்தல் வாசலை ஒட்டி ஒரு மேசை, அதன்மேல் பித்தளைத் தாம்பாளம், வெற்றிலை பாக்கு, உட்கார்ந்திருக்கும் இரண்டு பேர். ஒருவர் பணத்தை எண்ணி வாங்குவார், இன்னொருவர் எழுதுவார். எழுதுகிறவர் ஊரில் கையெழுத்துக்குப் பேர் வாங்கியவராக இருப்பார். நீளமான கணக்கு நோட்டு. முதல் பக்கத்தின் நான்கு மூலையிலும் மஞ்சள், நடுவில் பிள்ளையார் சுழி, அதன்கீழ் காதணி விழாவா கல்யாணமா என்ற குறிப்பு, தேதி. முதல் வரி தாய்மாமனுக்கு. அதற்குப் பிறகு வரும் வரிகளுக்கெல்லாம் ஏறக்குறைய ஒரே ஒழுங்கு: ஊர், தகப்பன் பெயர், ஆள் பெயர், அதே பெயரில் இன்னொருவர் இருந்தால் பட்டப்பெயரோ தொழிலோ, கடைசியில் தொகை. திருப்பிச் செய்தாகிவிட்டால் அந்த வரியின்மேல் ஒரு கோடு. இதை நாங்கள் கடன் கணக்காக மட்டுமே பார்த்துப் பழகினோம். கணக்குத் தீர்ந்த நோட்டு பரணுக்குப் போகும், பரணிலிருந்து பழைய பேப்பர்க் கடைக்குப் போகும். என் கட்சி இதுதான்: மதுரைச் சீமையின் சாதாரணக் குடும்பங்களுக்கு இதைவிட நல்ல வம்சாவளி ஆவணம் வேறு கிடையாது, இதைப் படியெடுத்து, இறந்தவர்களின் பெயர்களையாவது இணையத்தில் பொதுவில் வைக்க வேண்டிய காலம் வந்துவிட்டது.

அரசாங்கத்திடம் இல்லாததா என்று கேட்பார்கள். இல்லை என்பதுதான் பதில். இங்கிலாந்தில் 1921-ஆம் ஆண்டுக் குடிமதிப்பின் வீட்டுவாரித் தாள்கள் 2022 ஜனவரியில் மக்கள் பார்வைக்கு வந்தன. தன் பூட்டன் வீட்டில் அன்று யார் யார் இருந்தார்கள், என்ன வயது, என்ன வேலை என்று அங்கே ஒருவர் பார்த்துக்கொள்ளலாம். நம் நாட்டில் 1871-72-லேயே கணக்கெடுப்பு தொடங்கிவிட்டது என்றாலும், தனி வீட்டின் விவரம் வெளியே வராது. 1948-ஆம் ஆண்டுச் சட்டம் அதை இரகசியமாக வைத்திருக்கிறது. பிறப்பு இறப்பைக் கட்டாயமாகப் பதிய நாடு முழுமைக்குமான சட்டம் 1969-ல்தான் வந்தது. அதற்கு முந்தைய கிராமப் பதிவுகளைப் புரட்டினால் ‘ஆண் குழந்தை’, ‘பெண் குழந்தை’ என்று பெயரில்லாமலே கிடக்கும் வரிகள் ஏராளம். நிலம் இருந்தவர்களுக்குக் கொஞ்சம் வழி உண்டு. 1858-ல் அமைந்த இனாம் கமிஷன் எழுதி வைத்த பதிவேடுகளில் மானியம் வைத்திருந்தவரின் பெயர், வயது, அது யாரிடமிருந்து அவருக்கு வந்தது என்ற விவரம் எல்லாம் இருக்கிறது. சார்பதிவாளர் அலுவலகத்துப் பழைய பத்திரங்களில் ‘இன்னார் குமாரர் இன்னார்’, ‘இன்னார் பாரியாள் இன்னாள்’ என்று இரண்டு தலைமுறையாவது கிடைக்கும். கிறிஸ்தவர்களுக்கு ஞானஸ்நானப் பதிவேடு உண்டு. 1834-ல் மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷனின் தாள்கள் ஹார்வர்டின் ஹௌட்டன் நூலகத்தில் இருக்கின்றன. இயேசு சபையாரின் மதுரை ஆவணங்கள் கொடைக்கானலை அடுத்த செண்பகனூரில் இருக்கின்றன. நிலமும் இல்லாமல், தேவாலயத்துக்கும் போகாமல், கூலிக்குப் போய்ப் பிழைத்த குடும்பத்துக்கு இவற்றில் எதிலும் இடமில்லை. பெரும்பாலான குடும்பங்கள் அப்படிப்பட்டவைதான்.

அந்தக் குடும்பமும் மொய் செய்தது. மொய் நோட்டின் மதிப்பு அங்கேதான் இருக்கிறது. அதை வாசிக்கத் தெரிந்துகொண்டால் அது தருகிற செய்தி சாதாரணமானதல்ல. மொய் ஒருவரோடு முடிகிற கடனில்லை; தகப்பன் வாங்கியதை மகன் திருப்புவான். 1968-ல் ஒரு வீட்டு நோட்டில் ‘வாலாந்தூர் மாயத்தேவர்’ என்று இருந்த வரி, 1977-ல் அதே வீட்டின் அடுத்த விழாவில் ‘வாலாந்தூர் மாயத்தேவர் மகன்’ இன்னார் என்று மாறியிருந்தால், இடைப்பட்ட ஒன்பது வருடத்துக்குள் மாயத்தேவர் தவறியிருக்கலாம், அல்லது பொறுப்பை மகன் கையில் கொடுத்திருக்கலாம். ஒரு வரி மூன்று வரியாகப் பிரிந்திருந்தால் பாகப்பிரிவினை நடந்திருக்கிறது. அண்ணன் தம்பி மூவர் என்று அதிலிருந்தே தெரியும். கட்டிக்கொடுத்த பெண்ணின் வீடு மருமகன் பெயரில், அவன் ஊர்ப் பெயரோடு வந்து நிற்கும். குலதெய்வக் கோயிலின் வரி நோட்டை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். வரி தலைக்கட்டுக்கு ஒன்று. கல்யாணமானால் தனித் தலைக்கட்டு. எந்த வருடம் ஒரு பெயர் புதிதாக வரியில் ஏறுகிறதோ, அதையொட்டி அவனுக்குக் கல்யாணம். பாப்பாபட்டி ஒச்சாண்டம்மனுக்கு மகாசிவராத்திரியில் உசிலம்பட்டியிலிருந்து பெட்டி எடுத்துப் போகும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே பங்காளி யார், மாமன் மச்சான் யார் என்பதில் ஒரு சின்னக் குழப்பமும் இருக்காது. அந்தத் தெளிவு நூறு இருநூறு வீடுகளின் நோட்டுகளில் சிதறிக் கிடக்கிறது. கல்யாணப் பத்திரிகையையும் இதோடு சேர்க்க வேண்டும். பெரியப்பா, சித்தப்பா, தாய்மாமன், அத்தை மாமா என்று எங்கள் பக்கத்துப் பத்திரிகைகள் அச்சிடும் பட்டியல் ஒரு குடும்பத்தின் ஒரு வருடத்து நிலவரம். தேதி போட்ட, அச்சிட்ட சாட்சி.

இதையெல்லாம் வீட்டுக்குள் எழுதி வைத்துக்கொண்டால் போதாதா, ஊருக்கு எதற்குக் காட்ட வேண்டும்? கதையின் மறுபாதி நம் வீட்டில் இல்லாததால்தான். சென்னையிலிருந்து புறப்பட்ட டுரூரோ கப்பல் 1860 நவம்பர் 16-ல் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அன்று தொடங்கி 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குப் போனார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் சென்னையில் கப்பல் ஏறியவர்கள். ஏறும்போது எழுதிய பட்டியல்கள் இன்றைக்கும் இருக்கின்றன, கணினியிலும் ஏற்றப்பட்டிருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் ஒரு எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள அடையாளம். மொரீஷியஸில் மோகா என்ற இடத்தில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனம் அங்கே போனவர்களின் பதிவுகளைப் புகைப்படங்களோடு பாதுகாக்கிறது. ஃபிஜிக்கு 1879 முதல் 1916 வரை 60,000-க்கு மேற்பட்டவர்கள் போனார்கள். சென்னையிலிருந்து கப்பல் போகத் தொடங்கியது 1903-ல். அவர்களுடைய குடியேற்றச் சீட்டுகளும் அழியாமல் உள்ளன. ஆகவே டர்பனில் இருக்கும் ஒரு பேத்தியின் கையில் தன் பூட்டனின் தகப்பன் பெயரும் ‘மதுரா ஜில்லா, திருமங்கலம் தாலுகா’ என்ற முகவரியும் இருக்கிறது. கிராமத்தின் பெயரைத் தமிழ் தெரியாத குமாஸ்தா காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியிருப்பான். அது எந்த ஊர் என்று சொல்லத் தெரிந்தவர்கள் திருமங்கலத்துப் பக்கம்தான் இருக்கிறார்கள். அவர்களிடம் கதை இருக்கும்: ‘எங்க பூட்டனோட தம்பி ஒருத்தர் பஞ்சத்துல கப்பலேறிப் போனாரு, திரும்பவே இல்ல’ என்று. அந்தப் பஞ்சம் பெரும்பாலும் 1876-78 தாது வருஷப் பஞ்சமாக இருக்கும். பேத்தியிடம் தாள் இருக்கிறது, கதை இல்லை. நம்மிடம் கதை இருக்கிறது, தாள் இல்லை. இரண்டு பக்கமும் பொதுவில் வைத்தால் ஒழிய இவர்கள் ஒருவரையொருவர் கண்டுபிடிக்க வழியே கிடையாது. ஜில்லா எல்லை மாறியதையும் நாம்தான் சொல்ல வேண்டும்; 1910-ல் இராமநாதபுரம் பிரிவதற்கு முந்தைய ‘மதுரா ஜில்லா’வில் இன்றைய திண்டுக்கல்லும், தேனியும், சிவகங்கைப் பக்கமும் அடக்கம் என்பது டர்பனில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்?

பக்கத்தில் போனவர்களுக்குத் தூரத்தில் போனவர்களைவிடக் குறைவான காகிதமே மிஞ்சியது என்பது எனக்கு எப்போதும் வருத்தம் தரும் செய்தி. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்கள் கங்காணியின் பின்னால் போனார்கள். ஒப்பந்தமும் கப்பல் பட்டியலும் அவர்களுக்கு இல்லை. பிற்காலத்தில் மண்டபம் முகாமும், தோட்டத்தின் அடையாளம் பொறித்த தகரத் துண்டும் வந்தன. அப்படிப் போனவர்களின் பிள்ளைகளிடம் 1948-ஆம் ஆண்டு இலங்கைக் குடியுரிமைச் சட்டம் கேட்டது ஒரு வம்சாவளியை. தகப்பன் இலங்கையில் பிறந்ததற்கு, அல்லது தாத்தாவும் பூட்டனும் அங்கே பிறந்ததற்குச் சான்று காட்டு என்றது. காட்ட முடியாதவர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964 அக்டோபரில் செய்த சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களில் 5,25,000 பேரை இந்தியாவின் கணக்கில் எழுதியது. 1974-ல் இன்னும் 75,000 பேர். வந்தவர்களில் பலருக்குப் பூர்வீக ஊர் ஒரு பெயராக மட்டுமே தெரிந்திருந்தது. குடும்ப வரலாறு என்றால் வசதியானவர்களின் பொழுதுபோக்கு என்று சொல்பவர்கள் இந்த ஒன்றை யோசிக்க வேண்டும். தாத்தா எங்கே பிறந்தார் என்று ஒரு தாள் இல்லாததால் லட்சக்கணக்கானவர்கள் நாட்டை இழந்திருக்கிறார்கள்.

இணையத்தில் வைப்பதிலும் ஒரு சங்கடம் இருக்கிறது. உலகம் முழுக்கப் பயன்படும் வம்சாவளி மென்பொருள்கள் ஐரோப்பியக் குடும்பத்தை மனதில் வைத்துச் செய்தவை. அவை முதலில் குடும்பப் பெயரைக் கேட்கின்றன. நமக்கு அது கிடையாது. தகப்பன் பெயரின் முதலெழுத்துதான் இனிஷியல், அடுத்த தலைமுறையில் அதுவும் மாறிவிடும். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பதால் ஒரே பெயர் ஒன்றுவிட்ட தலைமுறைகளில் திரும்பத் திரும்ப வரும். மென்பொருள் இரண்டு பேரை ஒருவர் என்று சேர்த்துவிடும். அக்காள் மகளையும், மாமன் மகளையும், அத்தை மகனையும் கட்டுகிற நம் வழக்கத்தில் கிளைகள் பிரிந்துகொண்டே போகாமல் வளைந்து வந்து ஒன்று சேரும். அத்தை மகனும் மாமன் மகளும் கட்டிக்கொண்டால் அவர்கள் பிள்ளைக்கு அப்பத்தா, அம்மாச்சிகளுக்கு மேலே உள்ள தலைமுறையில் எட்டுப் பேருக்குப் பதிலாக ஆறு பேர்தான் இருப்பார்கள். ஆகவே மரம் வரைவதைவிட முக்கியமானது மூல ஆவணத்தைப் படியெடுத்து வைப்பது. எந்த ஊர், எந்த வீட்டு விழா, எந்த வருடத்து நோட்டு, எத்தனையாவது பக்கம், என்ன எழுதியிருக்கிறது என்று இருந்தால், மரத்தை யார் வேண்டுமானாலும் பிறகு வரைந்துகொள்ளலாம், தப்பாக வரைந்தால் திருத்தவும் செய்யலாம். மூலம் இல்லாத மரத்தைத் திருத்த முடியாது.

இனி எதிர்வாதத்துக்கு வருகிறேன். பலமான எதிர்வாதம் சாதியைப் பற்றியது. இணையத்தில் ‘எங்கள் வம்சம்’ என்று வருகிறவற்றில் பாதி, ஏதோ ஒரு ராஜாவில் தொடங்கி இன்றைய சாதிச் சங்கத்தில் முடிகிறது. இதற்கு நீயும் எண்ணெய் ஊற்றுகிறாயா என்று கேட்டால், அந்தக் கோபம் நியாயமானது என்றுதான் சொல்வேன். ஆனால் அந்த வகை வம்சாவளி புதிதல்ல. காலின் மெக்கன்சி சேகரித்தவற்றில் பாளையப்பட்டுகளின் வம்சாவளிகள் நிறைய. சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் அவை இருக்கின்றன. விசுவநாத நாயக்கர் காலத்தில் மதுரைக் கோட்டையின் 72 கொத்தளங்களில் ஒன்றைக் காக்கும் பொறுப்பு எங்கள் முன்னோருக்குத் தரப்பட்டது என்ற செய்தி அவற்றில் திரும்பத் திரும்ப வரும். கம்பெனி ஆட்சியின் முன்னால் தங்கள் உரிமையை நிலைநாட்ட வேண்டியிருந்தவர்கள் சொன்ன வரலாறு அது. யார், யாருக்கு முன்னால், எதைப் பெறுவதற்காகச் சொன்னார்கள் என்று கேட்காமல் எந்த வம்சாவளியையும் ஏற்கக் கூடாது. மொய் நோட்டு அந்தக் கேள்வியில் தேறிவிடும். அதில் பெருமைக்கு இடமில்லை. இருபது ரூபாய் என்றால் இருபது ரூபாய்தான். உண்மையான ஆவணம் பெருகப் பெருக, தூய வம்சம் என்ற கதை தாங்காது. பிறமலைக் கள்ளர்களைப் பற்றி லூயி துய்மோன் 1957-ல் வெளியிட்ட ஆய்வை எடுத்துப் பாருங்கள். கட்டியவனை அறுத்துவிட்டு வேறொருவனைக் கட்டுவது அங்கே இயல்பாக நடந்த காரியம். இன்று கௌரவம் என்ற பேரில் பெண்களை அடக்குகிறவர்கள் தங்கள் பூட்டியின் கதையைப் படித்தால் வாயடைத்துப் போவார்கள். பொய்யான வம்சாவளிக்கு மாற்று, மெய்யான வம்சாவளி.

பட்டியல் என்பதே ஆபத்து என்று சொல்வாரும் உண்டு. அவர்கள் சொல்வதற்கும் இந்த மண்ணிலேயே ஆதாரம் இருக்கிறது. 1911-ஆம் ஆண்டுக் குற்றப் பழங்குடிகள் சட்டத்தின்கீழ் ஊர் ஊராக ஆண்களின் பெயர், தகப்பன் பெயர், கைரேகை எல்லாம் பதிவு செய்யப்பட்டன. இராத்திரி வீட்டில் படுக்க உரிமையில்லாமல் காவல் நிலையத்திலும் சாவடியிலும் படுத்துக் கிடந்த தலைமுறை ஒன்று இங்கே இருந்தது. கைரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி போலீஸ் சுட்டதில் 16 பேர் செத்தார்கள். மாயக்காள் என்ற பெண்ணும் அவர்களில் ஒருவர். 1947-ல் சென்னை மாகாணத்தில் சட்டம் போனது. அரசு அவ்வளவு கவனமாக எழுதிய ஏழைக் குடும்பங்கள், அது சந்தேகப்பட்ட குடும்பங்கள்தான் என்பது கசப்பான உண்மை. இதிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் பாடம் வேறு. எழுதியது யார், எழுதப்பட்டவரைக் கேட்டு எழுதினார்களா, எழுதியது யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தே பட்டியல் ஆபத்தாவதும் ஆகாததும். கைரேகைப் பதிவேட்டில் ஒரு பெயராக மட்டும் நின்றுபோன மனிதருக்கு, மொய் நோட்டில் ஊரும் உறவும் உண்டு. அவர் பேரப்பிள்ளைகள் அவரைத் தேடும்போது முதலாவது மட்டும் கிடைத்தால் போதுமா?

அந்தரங்கம் பற்றிய கேள்விக்கு விட்டுக்கொடுத்தே பதில் சொல்ல வேண்டும். உயிரோடு இருப்பவர் பெயர் பொதுவில் வரக் கூடாது. சாதி பார்த்துக் கல்யாணத்தைத் தடுக்கிற, ஓடிப்போனவர்களைத் தேடிப்போய் வெட்டுகிற ஊர்களில், யார் யாருடைய பிள்ளை, எந்த ஊரில் இருக்கிறார் என்ற விவரம் கொலைக்கு வழி காட்டும். 2023-ல் 23அண்ட்மீ என்ற அமெரிக்க மரபணு நிறுவனத்தில் ஏறத்தாழ 69 லட்சம் பேரின் விவரம் திருடு போனது. திருடர்கள் நேரடியாக நுழைந்தது சில ஆயிரம் கணக்குகளில். உறவினரைக் காட்டும் வசதி வழியாக மற்றவர்களும் அகப்பட்டார்கள். ஒருவர் கதவைத் திறந்தால் உறவுக்காரர் எல்லோருடைய வீடும் திறந்துவிடும். ஆகவே இறந்தவர்களை மட்டும் எழுதுங்கள். சமீபத்தில் இறந்தவரானால் பிள்ளைகளைக் கேட்டு எழுதுங்கள். மொய்த் தொகையை மறைத்துவிடுங்கள். அது இன்னும் தீராத கடனாக இருக்கலாம். ஆவணத்தில் சாதி இருந்தால் படியில் அப்படியே இருக்கட்டும், உயிரோடிருக்கும் எவர் பெயரோடும் அதை முடிச்சுப் போடாதீர்கள். தத்து, மறுமணம், மறைத்து வைத்த பிறப்பு போன்றவற்றில் குடும்பத்தார் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். இத்தனை விலக்கினாலும் டர்பன் பேத்திக்குத் தேவையானது மிஞ்சும். அவள் தேடுவது 1880-க்கு முந்தையவர்களை.

எச்சிலைத் துப்பி அனுப்பினால் மரபணு சொல்லிவிடும், நோட்டுகள் எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு உசிலம்பட்டிப் பக்கத்து ஜோதிமாணிக்கம் கிராமம் நல்ல பதில். மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் இராமசாமி பிச்சப்பனும் ஸ்பென்சர் வெல்ஸும் செய்த ஆய்வில், ஆப்பிரிக்காவிலிருந்து கடற்கரையோரமாக வந்த மிகப் பழைய குடியேற்றத்தின் எம்130 என்ற அடையாளம் அந்த ஊரில் கிடைத்தது. மதிப்புள்ள அறிவியல் அது. ஆனால் அந்த அடையாளம் தகப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும் ஒய் குரோமோசோமில் இருக்கிறது. பத்துத் தலைமுறை பின்னால் போனால் ஒருவருக்கு 1,024 முன்னோருக்கான இடங்கள் வரும். ஒய் குரோமோசோம் அதில் ஒரே ஒருவரைப் பற்றிப் பேசுகிறது. மிச்சமுள்ளவர்களைப் பற்றி, முக்கியமாகப் பெண்களைப் பற்றி, அது வாய் திறக்காது. அவன் பெயர் என்ன, எந்த வருடம் கப்பல் ஏறினான், விட்டுப்போன தம்பி யார் என்பதையும் அது சொல்லாது. பல்லாயிரம் ஆண்டுக் கதைக்கு மரபணு. நூறு ஆண்டுக் கதைக்கு நோட்டு.

நோட்டுகளுக்கு அதிக நாள் இல்லை. சில வருடங்களாகப் பல விழாக்களில் மொய்யைக் கணினியில் அடித்து, அப்போதே சீட்டும் தருகிறார்கள். வசதிதான், ஊர்வாரியாகப் பட்டியலும் கிடைக்கிறது. ஆனால் கையால் எழுதிய பழைய நோட்டை வைத்திருக்க வேண்டிய அவசியம் வீட்டாருக்குப் போய்விட்டது. 1950, 60-களின் நோட்டுகளில் உள்ள பட்டப்பெயர்களைப் பார்த்து இன்னார் என்று சொல்லக்கூடியவர்கள் எண்பதைத் தாண்டியவர்கள். ஆகவே கேட்டுக்கொள்கிறேன். வீட்டுப் பரணில் மொய் நோட்டு இருந்தால் கடைக்குப் போடுவதற்குமுன் ஒவ்வொரு பக்கத்தையும் கைப்பேசியில் படம் எடுங்கள். அப்பத்தாவையோ அம்மாச்சியையோ பக்கத்தில் உட்கார வைத்து, ஒவ்வொரு வரிக்கும் ‘இது யாரு, நமக்கு என்ன வேணும்’ என்று கேட்டுக் குரலைப் பதியுங்கள். பெண்களின் பெயர்களைக் கட்டாயம் கேளுங்கள், நோட்டில் அவை குறைவு. கப்பலேறிப் போனவர், கண்டிக்குப் போனவர், பினாங்குக்குப் போனவர் என்று யாராவது இருந்தால், அவர் பெயரையும், தகப்பன் பெயரையும், ஊரையும், ஏறக்குறைய எந்த வருடம் என்பதையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிப் பொதுவில் வையுங்கள். அந்தப் பக்கத்துப் பட்டியல் ஏற்கெனவே இணையத்தில் இருக்கிறது.